ஒளியின் சுருதி அசையாமல் இருக்க: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

சென்ற மாதம் திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் லேசர் பற்றி ஒரு மாலை பேசினேன். நேரம் போதவில்லை. துண்டுச் சீட்டில் எழுதித் தந்த கேள்விகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நாங்கள் பள்ளியில் மீடிறன் என்று படிப்பதைத்தான் இந்தியப் புத்தகங்கள் அதிர்வெண் என்கின்றன. நான் பழகிய சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

சேர், லேசர் என்றாலே ஒரே நிறம், ஒரே மீடிறன் என்றுதானே படித்தோம்? பிறகு எதற்கு அதை நிலைப்படுத்த வேண்டும்? (உயர்தர மாணவி, உப்புவெளி)

படித்தது சரிதான் மகள். ஆனால் எவ்வளவு "ஒரே"? விண்வெளிக் கருவிகளில் அதிகம் பயன்படும் 1064 நனோமீற்றர் லேசரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒளி செக்கனுக்குச் சுமார் 282 இலட்சம் கோடி தடவை அதிர்கிறது. அதைச் சும்மா விட்டால், கொஞ்ச நேரத்திலேயே பல மில்லியன் ஹேர்ட்ஸ் அங்கும் இங்கும் நகர்ந்துவிடும். மேசையில் ஒரு பரிசோதனை செய்ய இது போதும். நூற்றுக்கணக்கான கிலோமீற்றரை அணுவின் அளவுக்கு நுணுக்கமாக அளக்கப் போதாது.

நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவரை நினைத்துப் பாருங்கள். அவர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார், வாசிக்கிறவர் அதோடு சேர்ந்து நிற்பார். லேசருக்கு ஒத்து, எதிரெதிரே வைத்த இரண்டு ஆடிகள். அவற்றுக்கிடையே அரை அலைநீளங்கள் முழு எண்ணிக்கையில் அடங்கும் ஒளிக்கு மட்டும்தான் உள்ளே இடம். நின்ற அலை, பரிவு என்று நீங்கள் படிக்கும் அதே பாடம்தான். லேசர் கொஞ்சம் விலகினால் ஆடியிலிருந்து திரும்பி வரும் ஒளியில் அது தெரியும். எந்தப் பக்கம் விலகியது என்பதும் தெரியும். உடனே மின்சுற்று லேசரை இழுத்துப் பிடிக்கும். நுண்ணலைகளுக்கு 1946-இல் பவுண்ட் கண்ட வழியை, 1983-இல் டிரெவரும் ஹாலும் அவர்களுடைய கூட்டாளிகளும் லேசருக்குக் கொண்டுவந்தார்கள். ஹாலுக்கு 2005-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆகவே எல்லாப் பாரமும் அந்த இரண்டு ஆடிகளுக்கு இடையிலான தூரத்தின் மேல் இறங்குகிறது. தூரம் 10 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். மீடிறன் பத்துக் கோடிக் கோடியில் ஒரு பங்குக்கு மேல் அசையக்கூடாது என்றால், அந்தத் தூரம் ஒரு புரோத்தனின் விட்டத்தில் பதினாறில் ஒரு பங்களவுகூட மாறக்கூடாது. இந்தக் கணக்கை முதன்முதல் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடை பிழை என்று நினைத்து மூன்று தடவை போட்டேன்.

எங்கள் ஊர் வெயிலில் இரும்புக் கேற்றே விரிந்து இறுகிவிடுகிறது. இவ்வளவு நுட்பமான ஒன்றை எப்படி விரியாமல் வைத்திருக்கிறார்கள்? (ஓய்வுபெற்ற தொழில்நுட்பவியலாளர், திருகோணமலை நகர்)

ஐயா, இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது. 10 சென்ரிமீற்றர் உருக்குத் துண்டு ஒரு பாகை சூடேறினால் ஒரு மைக்ரோமீற்றருக்குச் சற்று மேல் நீளும். எமக்கு அனுமதித்த அளவைப் போல ஆயிரம் கோடி மடங்குக்கும் அதிகம்.

அதனால் அந்த இரண்டு ஆடிகளையும் இடைவெளி மாறாமல் தாங்கும் துண்டுக்கு உருக்கை விட்டுவிட்டு, சிலிக்காவோடு தைத்தேனியம் ஒட்சைட்டைக் கலந்த ஒரு கண்ணாடியை எடுக்கிறார்கள். குளிரவைத்தால் நீர் 4 பாகை வரை சுருங்கி, அதற்குக் கீழே மறுபடி விரிகிறது அல்லவா? 4 பாகையில் விரிவும் இல்லை, சுருக்கமும் இல்லை. இந்தக் கண்ணாடிக்கும் அப்படி ஒரு திரும்புமிடம் உண்டு, அதுவும் அறை வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே. அந்த வெப்பநிலையைத் தேடிப் பிடித்து, கண்ணாடியை வெற்றிடத்துக்குள் வைத்து, சுற்றிலும் பொன் பூசிய கவசங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, அங்கேயே நிறுத்தி வைப்பார்கள். ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் இருக்கும் தேசிய அளவியல் நிறுவனம் இன்னொரு வழியில் போனது: ஒற்றைப் பளிங்காக வளர்த்த சிலிக்கன். அதன் திரும்புமிடம் 124 கெல்வின், அதாவது மறை 149 பாகை செல்சியஸ். அவர்களும் அமெரிக்காவின் ஜிலா ஆய்வுகூடமும் சேர்ந்து 2017-இல் காட்டிய நிலைத்தன்மை, மேலே சொன்ன பத்துக் கோடிக் கோடியில் ஒரு பங்கைவிட இருபத்தைந்து மடங்கு நுண்மையானது.

சின்ன வயதில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகும்போதெல்லாம் ஏழு கிணற்றிலும் மாறி மாறிக் கைவைத்துப் பார்ப்பேன். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள், ஆனாலும் சூடு வேறு வேறு. வெப்பத்தை ஓர் இடத்தில் ஒரே அளவில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் கை அறிந்திருந்தது. பிறகு நான் வேலை செய்த ஆய்வுகூடத்தில் ஓர் இரவு மின்சாரம் போய், குளிரூட்டி நின்றது. ஒரு மணித்தியாலத்தில் மின்சாரம் வந்துவிட்டது. கண்ணாடி பழைய நிலைக்கு வர நான்கு நாள் எடுத்தது. அந்த நான்கு நாளும் பக்கத்தில் போய் மூச்சு விடவே பயமாக இருந்தது.

தம்பி, என்னுடைய படகில் ஜிபிஎஸ் இருக்கிறது. அது வலையைச் சரியாகக் காட்டுகிறது. இதற்கு மேல் என்ன நுட்பம் வேண்டும்? (கடற்றொழிலாளர், நிலாவெளி)

அண்ணன், உங்கள் ஜிபிஎஸ் காட்டுவது தூரம்தான், ஆனால் அது அளப்பது நேரத்தை. ஒளி ஒரு நனோசெக்கனில் 30 சென்ரிமீற்றர் போகும். செய்மதியிலுள்ள மணிக்கூடு கொஞ்சம் பிசகினால் உங்கள் வலை வேறு இடத்தில் இருப்பதாகக் காட்டும். அதோடு, உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் அங்கே மணிக்கூடு விரைவாக ஓடும். வேகத்தால் கொஞ்சம் மெதுவாகவும் ஓடும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் நாளொன்றுக்கு 38 மைக்ரோசெக்கன் முந்தும். அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீற்றர் போய்விடும். இந்தத் திருத்தத்தைச் செய்தபிறகுதான் உங்கள் கையிலுள்ள கருவி சரியாகச் சொல்கிறது. ஒளியை வைத்து ஓடும் மணிக்கூடுகள் மேலே போனால் இந்தக் கணக்கு இன்னும் இறுகும்.

கண்ணாடி நாட்பட நாட்படச் சுருங்கும் என்று அன்று பேச்சில் சொன்னீர்களே, விண்கலத்தில் பல வருடம் என்ன செய்வார்கள்? (பௌதிகவியல் ரீச்சர், கிண்ணியா)

நல்ல கேள்வி ரீச்சர். ஆடிகள் சில செக்கன்களுக்கு மிக நல்லவை. நாள்கணக்கில் நம்ப முடியாது. நாள்கணக்குக்கு அணுவையோ மூலக்கூறையோ கேட்க வேண்டும், அவை முதுமையடைவதில்லை. ஆய்வுகூடத்தில் அயடீனைச் சூடாக்கி ஊதா ஆவியைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். 1064 நனோமீற்றர் ஒளியின் மீடிறனை இரட்டித்தால் 532 நனோமீற்றர் பச்சை ஒளி வரும். அந்தப் பச்சையைச் சரியான இடத்தில் உறிஞ்சும் கோடுகள் அயடீனுக்கு உண்டு. 2018 மே மாதம் ஜேர்மன் குழு ஒன்று அப்படியொரு அயடீன் கருவியைச் சுவீடனிலிருந்து ரொக்கெட்டில் ஏற்றியது. ஏவலின் குலுக்கலைத் தாங்கி, சில நிமிட எடையின்மையில் அது தானாகவே அயடீனின் கோட்டைப் பிடித்துக்கொண்டது. சிறிய வேலை போலத் தெரியும். மேசையில் ஒரு மனிதர் பொத்தானைத் திருகித் திருகிப் பிடிப்பதைச் செய்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இலங்கைக்குத் தெற்கே கடலில் பெரிய பள்ளம் இருக்கிறதாமே? செய்மதியால் அதை எப்படிக் காணமுடிகிறது? (பலர் கேட்டது)

தரையில் தோண்டிய பள்ளம் அல்ல, கடல்மட்டத்தின் பள்ளம். இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஈர்ப்பு குறைவாக இருப்பதால், அங்கே சராசரிக் கடல்மட்டம் பூமியின் சீரான வடிவத்தைவிடச் சுமார் 106 மீற்றர் தாழ்ந்திருக்கிறது. உலகத்திலேயே மிகத் தாழ்ந்த இடம் அதுதான், எங்கள் வாசலில் இருக்கிறது. கப்பலில் போகிறவருக்கு இறக்கம் தெரியாது, ஏனென்றால் "கீழே" என்ற திசையும் அதோடு சேர்ந்தே திரும்பிவிடுகிறது.

இந்த ஈர்ப்பு மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஒன்றின்பின் ஒன்றாகப் பறக்கும் இரட்டைச் செய்மதிகள் இருக்கின்றன. 2002 முதல் 2017 வரை கிரேஸ், 2018 மே 22 முதல் அதன் தொடர்ச்சி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 220 கிலோமீற்றர். முன்னால் போவது பாரமான நிலத்துக்கு மேலே வரும்போது சற்று இழுக்கப்படும், இடைவெளி மாறும். முதல் இணை நுண்ணலையால் மைக்ரோமீற்றர் அளவில் பார்த்தது. இரண்டாவது இணையில் லேசரையும் வைத்தார்கள், அது நனோமீற்றர் அளவுக்கு இறங்கியது. அங்கே அளவுகோல் அலைநீளம்தான். அது பத்துக் கோடிக் கோடியில் ஒரு பங்கு மாறினால்கூட 220 கிலோமீற்றரில் 0.22 நனோமீற்றர் பிழை வரும். அதனால்தான் முதற் கேள்வியில் சொன்ன அந்த இரண்டு ஆடிகளும் செய்மதிக்குள் பயணம் செய்கின்றன.

ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. 2004 டிசம்பர் 26-இல் சுமாத்திராவுக்கு அருகே நிலம் பிளந்தபோது பாறை இடம்மாறியதால் ஏற்பட்ட ஈர்ப்பு மாற்றத்தை முதல் கிரேஸ் இணை பதிவு செய்தது. அந்த வரைபடத்தை நான் முதலில் பார்த்தது ஒரு வெளிநாட்டுக் கருத்தரங்கில். எல்லோருக்கும் அது நிறம் தீட்டிய ஒரு படம். எனக்கு நிலாவெளியும் மூதூரும் அந்தக் காலையும் கண்முன்னே வந்தன. செய்மதிகள் அன்று எச்சரித்திருக்க முடியாது, அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆனால் எங்களை அடித்த அந்த நிகழ்வு எவ்வளவு பாறையை அசைத்தது என்று எடைபோட்டுச் சொன்ன கருவியின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஐன்ஸ்டைன் சொன்னது சரியென்று தெரிந்த பிறகும் ஏன் மறுபடி மறுபடி சோதிக்கிறார்கள்? (மாணவன், மூதூர்)

சரியென்று எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்பதுதான் கேள்வி. 1887-இல் மைக்கல்சனும் மோர்லியும் ஒளியின் வேகம் திசையைப் பொறுத்து மாறுமா என்று பார்த்தார்கள். இன்று இரண்டு ஆடிச்சோடிகளைச் செங்குத்தாக வைத்துச் சுழற்றி அதையே பலகோடி மடங்கு நுணுக்கமாகப் பார்க்கிறார்கள். மாற்றம் இல்லை. 1932-இல் கெனடியும் தோண்டைக்கும் இன்னொன்றைக் கேட்டார்கள்: அளக்கிறவரின் வேகத்தைப் பொறுத்து மாறுமா? திருகோணமலையில் நிற்கும் நீங்கள் பூமியோடு சேர்ந்து செக்கனுக்குச் சுமார் 460 மீற்றர் வேகத்தில் சுழல்கிறீர்கள், அந்தத் திசை மறுபக்கம் திரும்ப 12 மணித்தியாலம் வேண்டும். தாழ்வான சுற்றுப்பாதையில் செய்மதி செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றர் போய், முக்கால் மணித்தியாலத்தில் திசை திரும்பிவிடும். ஆடிகளையும் அயடீனையும் ஒன்றாக அங்கே ஏற்றி ஒப்பிட்டால் சோதனை மிகக் கூர்மையாகும். அதற்கான திட்டங்கள் எழுதப்பட்டிருக்கின்றன, ஒன்றாவது பறக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

2014-இல் ஜிபிஎஸ் போன்ற ஐரோப்பாவின் கலிலியோ செய்மதிகள் இரண்டு தவறுதலாக நீள்வட்டப் பாதைக்குப் போய்விட்டன. ஏறி இறங்கும் அந்தப் பாதையில் அவற்றின் மணிக்கூடுகள் விரைவாகவும் மெதுவாகவும் ஓடியதை வைத்து, 1976-இல் ரொக்கெட்டில் செய்த ஈர்ப்புச் சோதனையைவிட ஐந்து மடங்களவு நல்ல விடை 2018-இல் கிடைத்தது.

லீசா என்பது என்ன? (ஒரே வரிக் கேள்வி)

ஈர்ப்பலைகளைக் கேட்க 25 இலட்சம் கிலோமீற்றர் இடைவெளியில் மூன்று விண்கலங்கள். ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2024 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது, 2035 அளவில் ஏவ எண்ணம். அங்கேயும் 1064 நனோமீற்றர் லேசர்தான்.

இங்கிருந்தபடி நாங்கள் என்ன செய்யலாம்? (அதே உப்புவெளி மாணவி)

பள்ளியில் பரிவுக் குழாயும் 512 ஹேர்ட்ஸ் இசைக்கவையும் இருக்கும். காலை 7 மணிக்கு ஒரு தடவை, நண்பகலில் ஒரு தடவை அளந்து பாருங்கள். ஒரு பாகைக்கு ஒலியின் வேகம் செக்கனுக்கு 0.6 மீற்றர் கூடும். ஆகவே 8 பாகை வித்தியாசத்துக்கு முதலாவது பரிவு நீளம் சுமார் 2 மில்லிமீற்றர் நகர வேண்டும். வெப்பமானியைக் குழாய்க்குப் பக்கத்திலேயே வையுங்கள். அந்த 2 மில்லிமீற்றர் தெரிந்ததா, தெரியாவிட்டால் எது மறைத்தது என்று எனக்கு எழுதுங்கள்.