தையல் மெஷின் கூட்டினால் டெலிவரி தேதி பிடிபடுமா?

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் 40 மெஷின் ஓடுகிறது. இருந்தும் ஒவ்வொரு ஏற்றுமதி ஆர்டரும் ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப்போகிறது. இன்னும் 15 மெஷின் வாங்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். கடைசி மூன்று ஆர்டர்களின் டிசி புத்தகத்தை (சரக்கோடு வரும் டெலிவரி சலான்) எடுங்கள். எந்தக் கலருக்குத் துணி என்றைக்கு வந்தது, ரிப் (கழுத்துப் பட்டைக்கான துணி) என்றைக்கு வந்தது, லேபிள் என்றைக்கு வந்தது என்று ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் துணி தையலுக்கு வருவதற்கு முன்பே அந்த ஒரு வாரம் போயிருக்கும்.

10,000 டி-ஷர்ட், 5 கலர் என்று வைத்துக்கொள்வோம். வெட்டுச் சேதாரம் சேர்த்து ஓர் உருப்படிக்கு பாடி துணி 200 கிராம், கழுத்து ரிப் 10 கிராம். ஆக 2,000 கிலோ துணி, 100 கிலோ ரிப். இந்த 100 கிலோதான் ஆளைக் கவிழ்க்கும். கலருக்கு 20 கிலோதானே, பிறகு பார்க்கலாம் என்று ரிப்பைத் தனியாகச் சாயப்பட்டறைக்கு அனுப்பினால் ஷேடு பாடியோடு சேராது. திரும்பச் சாயம் போட்டு வரும்வரை அந்தக் கலரின் 2,000 வெட்டும் கட்டுக்கட்டாகக் கிடக்கும். பாடியையும் ரிப்பையும் ஒரே லாட்டில், அதாவது ஒரே சாயத் தொகுப்பில், சேர்த்தே சாயத்துக்கு விடுங்கள்.

நூல் கணக்கிலும் ஒரு பிசகு நடக்கிறது. நிட்டிங்கிலும் சாயத்திலும் சேர்ந்து 8 சதவீதம் குறையும் என்றால், 2,100 கிலோவோடு 8 சதவீதத்தைக் கூட்டி 2,268 கிலோ வாங்குகிறார்கள். 2,100-ஐ 0.92-ஆல் வகுக்க வேண்டும். 2,283 கிலோ வரும். வித்தியாசம் 15 கிலோதான், ஆனால் 60 உருப்படிக்கு மேல் துண்டு விழும்.

லேபிள், பார்கோடு ஸ்டிக்கர் இரண்டையும் பையர் (ஆர்டர் கொடுத்தவர்) சொன்ன இடத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆர்டர் கைக்கு வந்த அன்றே அவற்றுக்குச் சொல்லிவிடுங்கள்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணி வாருங்கள். தூத்துக்குடியில் கண்டெய்னர் ஏற வேண்டிய நாளுக்கு முன்னால் இன்ஸ்பெக்‌ஷன். பெரும்பாலான பையர்கள் அன்றைக்குத் தையல் முழுவதும் முடிந்து, 80 சதவீதமாவது பெட்டியில் இருக்க வேண்டும் என்பார்கள். 10,000 உருப்படிக்கு வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனையில் 200 எடுப்பார்கள், ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறை வரம்பு) 2.5 என்றால் 10 குறைவரை பாஸ், 11 ஆனால் ஃபெயில். ஃபெயிலானால் மறுபடி பிரித்துச் செக்கிங் செய்ய 3 நாளாவது கையில் வைத்திருங்கள்.

அவசரம் என்று துணியை ரோலிலிருந்து இறக்கியதும் வெட்டவே கூடாது. பிரித்துப் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். இழுபட்டிருந்த துணி வெட்டிய பிறகு சுருங்கினால் நீளம் குறைந்து, அளவில் மொத்தமாக அடிபடும்.

கேள்வி: 5,000 உருப்படி ஆர்டரில் கடைசியில் பேக்கிங்குக்கு 4,870 தான் வருகிறது. வெட்டும்போது சரியாக இருந்த எண்ணிக்கை எங்கே போகிறது?
– வாசகி, அவிநாசி

பதில்: மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதால் வரும் சிக்கல் இது. கலர், சைஸ் வாரியாக எழுதுங்கள். வெட்டு, பிரிண்டிங் போனது, பிரிண்டிங் வந்தது, தையல், செக்கிங், அயர்னிங் என ஒவ்வொரு கைமாற்றத்திலும் எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். பவர் டேபிளுக்கு (கூலிக்குத் தைத்துத் தரும் இடம்) வெளியே அனுப்பும் வெட்டுக்கு இது இன்னும் கட்டாயம்.

காணாமல் போனவற்றில் பாதிக்கு மேல் ஆல்டர் உருப்படிகளாக (குறை திருத்த வேண்டியவை) மெஷினுக்கு அடியில் மூட்டையில் கிடக்கலாம். தையல்காரர் அடுத்த கலருக்கு மாறிவிட்டால் நூலும் மாறிவிடும், பழையதை யாரும் தொடமாட்டார்கள். ஆல்டர் அன்றன்றைக்கே முடிந்தாக வேண்டும்; அது தீராமல் லைனில் கலர் மாற்ற விடாதீர்கள்.

பையர் ஒத்துக்கொள்ளும் அளவு பார்த்து 3 சதவீதம் கூடுதலாக வெட்டுங்கள். மிஞ்சிய துணியை லாட் நம்பரோடு, கடைசிப் பெட்டி ஒட்டும்வரை பத்திரமாக வைத்திருங்கள். கறை பட்ட சட்டைக் கையை மாற்ற அதே லாட் துணி தேவைப்படும். வேறு லாட்டில் மாற்றினால் வெயிலில் பிடித்துப் பார்க்கும்போதே தெரிந்துவிடும்.