எஃப்7-க்கு யார் காவல்?

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி செஸ் அணியில் நான்காம் போர்டு, அதாவது நால்வரில் நான்காவது இடத்தில் ஆடுபவன். போன வாரம் அணிப் போட்டியில் கறுப்புக் காயில் ஆடி 14 நகர்த்தலில் தோற்றான். அணியும் 1½–2½ என்று தோற்றது. "என்னாலதாம்மா" என்று இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க நகர்த்தல்கள்) புத்தகம் வாங்கி மனப்பாடம் செய்ய வைக்கலாமா? நகர்த்தல்களை அவன் எழுதிய ஆட்டத் தாளை அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு தாய், திருப்பூர்

பதில்: தாளை வைத்து ஆடிப் பார்த்தேன் அம்மா. ஆறாவது நகர்த்தல் வரை கையெழுத்து மணிமணியாக இருக்கிறது. ஏழாவதிலிருந்து எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடுகிறது. பிள்ளை பயந்துபோன இடம் அதுதான்.

சி4, ஜி5 என்பதெல்லாம் பலகையில் கட்டங்களின் பெயர். வெள்ளை பிஷப் சி4-ல், குதிரை ஜி5-ல். இரண்டுக்கும் குறி, கறுப்பு ராஜா பக்கத்தில் எஃப்7-ல் நிற்கும் சிப்பாய். இவன் ஒரு சிப்பாயை டி5-க்குத் தள்ளி பிஷப்பின் வழியை மறித்தது சரி. அந்தச் சிப்பாயை வெள்ளை அடித்ததும் குதிரையால் திருப்பி அடித்தான் பாருங்கள், அங்கேதான் வினை. வெள்ளைக் குதிரை எஃப்7-ல் பாய்ந்து உயிரைக் கொடுத்தது. ராஜா அதை அடித்தார், ராணி எஃப்3-ல் செக் வைத்தது. டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜாவே இ6-க்கு நடக்க வேண்டியதாயிற்று. 'ஃப்ரைடு லிவர்' என்று இதற்குப் பெயர். 400 வருடமாகப் பலரும் மாட்டும் இடம்.

ஐந்தாவது நகர்த்தலில் அப்படித் திருப்பி அடிக்காமல், சி6 குதிரை ஏ5-க்குப் போய் பிஷப்பைத் தாக்கியிருக்க வேண்டும். ஒரு சிப்பாய் போகும், போகட்டும். காய்கள் வேகமாக வெளியே வரும். அது கஷ்டம் என்றால், மூன்றாவது நகர்த்தலில் குதிரைக்குப் பதில் பிஷப்பை சி5-ல் வைக்கட்டும். அப்புறம் வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்தால் ராணியே அடித்துவிடும்.

மனப்பாடம் வேண்டாம். எதிராளி வரிசை மாற்றி ஆடினால் திகைத்து உட்கார்ந்துவிடுவான்; என் வகுப்பில் அடிக்கடி பார்க்கிறேன். நீங்களே வெள்ளைக்கு உட்காருங்கள், தாளைப் பார்த்துக் காய் நகர்த்தினால் போதும். ஐந்தாவதில் நிறுத்தி, "எஃப்7-க்கு யார் காவல்?" என்று கேளுங்கள். ராஜா மட்டும்தான் என்று அவனே விரல் வைத்துக் காட்டுவான்.

தோல்வி அவன் ஒருவனால் அல்ல. மற்ற மூன்று போர்டும் சேர்ந்து எடுத்தது ஒன்றரைதான். 2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் இந்தியாவின் இரண்டாம் அணிக்கு ஆடி முதல் எட்டு ஆட்டத்தையும் வென்ற குகேஷ், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் தோற்றார். அப்போது அவருக்கு 16 வயது. அதே அணியின் பிரக்ஞானந்தா தன் போர்டில் வென்றதால் அணிக்கு 2–2 என்று சமன். அடுத்த சுற்றில் ஜெர்மனியை வென்று அந்த அணி வெண்கலம் வாங்கியது. இதை அவனிடம் சொல்லுங்கள். அடுத்த ஆட்டத் தாளையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.