லாகீஸ் மேட்டுக்கு மூன்று சாட்சிகள்: கேள்வி பதில்

விவிலியத்தில் வரும் பழைய நகரங்களைத் தோண்டியபோது என்ன கிடைத்தது என்று கேட்டு வந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். பலரும் சுற்றிச் சுற்றிக் கேட்டது ஒன்றைத்தான்: “வேதத்தில் இருப்பது நிரூபணமாகிவிட்டதா?” ஊருக்கு ஊர் பதில் மாறும். அதனால் ஊர் ஊராகவே போவோம்.

எரிகோவின் மதில் விழுந்து கிடப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சரிதானா ஐயா?

அந்தச் செய்தி ஓர் உண்மையான அகழாய்விலிருந்து வந்ததுதான் அம்மா. 1930-களில் ஜான் கார்ஸ்டாங் என்ற ஆங்கிலேயர் எரிகோவில் இடிந்த மதில் ஒன்றைக் கண்டு, இது இஸ்ரவேலர் முன் மதில் விழுந்ததாக வேதம் சொல்லும் யோசுவா காலத்தது என்றார். 1952 முதல் 1958 வரை கேத்லீன் கென்யன் அதே மேட்டை அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்த்தார். அந்த மதில் கார்ஸ்டாங் சொன்னதைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பழையது என்று தெரிந்தது. பெரிய நகரம் எரிந்துபோனது கி.மு. 1550-ஐ ஒட்டி. யோசுவாவின் காலம் என்று பலர் கருதும் கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் அங்கே மதில் சூழ்ந்த ஊர் இருந்ததற்குக் கென்யனுக்குத் தடயம் கிடைக்கவில்லை.

பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. கூடவே, கென்யன் இன்னும் ஆழத்தில் கண்டதையும் சொல்லுங்கள்: எட்டரை மீட்டர் உயரக் கல் கோபுரம், அதற்குள்ளேயே ஏறிப்போகப் படிக்கட்டு. கட்டியது கி.மு. 8000-ஐ ஒட்டி. அந்த ஊர்க்காரர்களுக்கு அப்போது பானை வனையவே தெரியாது!

ஒரே மேட்டில் இத்தனை ஊர்கள் எப்படி வந்தன?

வீடுகள் பச்சைச் செங்கல்லால் ஆனவை. இடிந்தால் அள்ளிக் கொட்டுவதில்லை. நிரவிவிட்டு அதன் மேலேயே அடுத்த வீடு எழும்பும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே போனால் மேடாகிவிடும். ஊர் எரிந்த காலம் கறுப்பும் சிவப்புமாக ஒரு பட்டையாய்த் தெரியும்.

வேதமும் மண்ணும் ஒத்துப்போகிற ஒரு நகரத்தைச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

யோசிக்காமல் லாகீஸ் என்பேன். எருசலேமுக்குத் தென்மேற்கே, யூதா நாட்டில் அதற்கு அடுத்த பெரிய கோட்டை நகரம். எசேக்கியா ராஜாவின் 14-ஆம் வருஷத்தில் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவின் அரணான பட்டணங்களைப் பிடித்தான் என்றும், எசேக்கியா லாகீசுக்கு ஆளனுப்பிச் சமாதானம் பேசினான் என்றும் 2 இராஜாக்கள் 18 சொல்கிறது. இது நடந்தது கி.மு. 701.

அது தோற்றவர்கள் எழுதியது. ஜெயித்தவன் வீட்டிலும் ஒரு சாட்சி இருக்கிறது. அசீரியத் தலைநகர் நினிவேயில் சனகெரிப்பின் அரண்மனையை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்டன் ஹென்றி லேயார்ட் தோண்டியபோது, ஓர் அறையின் சுவர் முழுக்க ஒரே முற்றுகை புடைப்புச் சிற்பமாக இருந்தது. சிம்மாசனத்தில் ராஜா அமர்ந்திருக்க, லாகீசின் கொள்ளைப் பொருள்கள் அவன்முன் கடந்துபோகின்றன என்று ஆப்பெழுத்தில் பெயரோடு பொறித்திருக்கிறார்கள்.

இப்போது அது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன்முன் நின்றபோது நான் நகர முடியாமல் போனேன். மதில் மேலிருந்து தீவட்டிகள் பறந்து வருகின்றன. சரிவுப் பாதையில் ஏறும் முற்றுகை வண்டியில் தீப்பிடிக்காதிருக்க, உள்ளேயிருந்து ஒருவன் நீண்ட அகப்பையால் தண்ணீர் ஊற்றுகிறான். கொஞ்சம் தள்ளி, தோற்ற ஊரின் குடும்பங்கள் மாட்டுவண்டியில் மூட்டை முடிச்சோடு வெளியேறுகின்றன. சனகெரிப்பின் முகத்தை மட்டும் பிற்பாடு யாரோ வேண்டுமென்றே கொத்திச் சிதைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது சாட்சி லாகீஸ் மேடேதான். டேவிட் உசிஷ்கின் 1970-களில் தொடங்கி அங்கே தோண்டியபோது, தென்மேற்கு மூலையில் கல்லைக் கொட்டி எழுப்பிய அந்தச் சரிவுப் பாதை அப்படியே இருந்தது. சுற்றிலும் அம்பு முனைகள், கவண்கற்கள். உள்பக்கம், மதில் உடைந்தால் அடுத்த தடுப்பாக ஊர்க்காரர்கள் அவசரமாகக் குவித்த எதிர்மேடு. நம்பிக்கையின் உழைப்பு அந்த எதிர்மேட்டில் தெரிகிறது. எனக்கு அதுதான் இன்னும் கனமாக இருக்கிறது.

அசீரியக் கணக்கும் வேதக் கணக்கும் முரண்படுகின்றன என்கிறார்களே, எது சரி?

எசேக்கியா கட்டிய கப்பத்தில் பொன் இரண்டிலும் 30 தாலந்துதான் (தாலந்து என்பது பழைய எடை அளவு). வெள்ளி மட்டும் வேதத்தில் 300, சனகெரிப் தன் வெற்றிகளை எழுதிவைத்த ஆறு பக்கக் களிமண் தூணில் 800. வாங்கியவன் கூட்டிச் சொல்வது புதிதா என்ன?

அதைவிட முக்கியமான இடம் எருசலேம். 46 கோட்டை நகரங்களைப் பிடித்ததாகப் பெருமை பேசும் அந்தத் தூண், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல அடைத்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நகரத்தைப் பிடித்தேன் என்று எங்கும் இல்லை. பிடிபடவில்லை என்பதில் இரண்டு தரப்பும் ஒன்றுதான். வேதம் சொல்வதுபோல அசீரியப் படையை அழிக்கத் தேவதூதன் வந்தானா என்று கேட்டால், அதை மண்வெட்டியால் சொல்ல முடியாது தம்பி.

முற்றுகைக்காக எருசலேமில் எசேக்கியா வெட்டியதாகச் சொல்லப்படும் 533 மீட்டர் சுரங்கக் கால்வாயில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. 1880-இல் அதன் சுவரில் கிடைத்த சீலோவாம் கல்வெட்டில் ராஜாவின் பெயரே இல்லை. இரண்டு முனையிலிருந்தும் வெட்டி வந்தவர்கள், மூன்று முழம் மிச்சமிருக்கும்போது ஒருவர் குரலை ஒருவர் கேட்டதைத்தான் அது சொல்கிறது.

சாதாரண மனிதர்கள் எழுதியது ஏதாவது கிடைத்ததா?

கிடைத்தது, அதுவும் லாகீசிலேயே. 1935-இல் ஜேம்ஸ் லெஸ்லி ஸ்டார்க்கி நகர வாசலின் காவலறையில், பின்னாளில் படையெடுத்து வந்த பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் காலத்து எரிந்த அடுக்கில், மையால் எழுதிய 18 பானை ஓடுகளை எடுத்தார். பெரும்பாலும் படைக் கடிதங்கள். ஒன்று: “லாகீசின் தீச்சைகைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்கா தெரியவில்லை.” அரணான பட்டணங்களில் லாகீசும் அசெக்காவும் மட்டுமே மீந்திருந்தன என்று எரேமியா 34:7-இல் வருவதோடு சேர்த்துப் படித்தால் வயிறு கலங்கும். அசெக்கா விழுந்துவிட்டது என்றுதான் இதற்கு அர்த்தமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இன்னொரு ஓட்டில் ஒசாயா என்ற அதிகாரிக்கு மனவருத்தம். உனக்குக் கடிதம் படிக்கத் தெரியாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். எனக்கு யாரும் கடிதம் வாசித்துக் காட்டியதே இல்லை என்று ஆண்டவர்மேல் ஆணையிட்டு மறுக்கிறான். நாடே எரியப்போகும் நேரத்தில் எழுத்தறிவுக்காக ஒரு ரோஷம்!

சாலொமோனின் கப்பலில் போன மயில் நம் ‘தோகை’தானே?

1 இராஜாக்கள் 10:22-இல் மயிலுக்கு வரும் எபிரெயச் சொல் ‘துக்கி’. அதைத் ‘தோகை’யோடு சேர்த்துப் பார்த்தவர்களில் கால்டுவெல் ஒருவர். எகிப்திய மொழியில் வேர் தேடுபவர்களும் இருக்கிறார்கள். சொல் ஒற்றுமை ஓர் ஆர்வமான குறிப்பு, அவ்வளவுதான். சாலொமோனுக்குக் கப்பலில் பொன் வந்ததாக அதே நூல் சொல்லும் ஓப்பீர் என்ற தேசத்தின் பொன்னுக்கோ மண்ணிலிருந்தே ஆதாரம் உண்டு: இஸ்ரேலில் டெல் கசீலே என்ற மேட்டில் கிடைத்த பானை ஓட்டில் “ஓப்பீர்ப் பொன், 30 சேக்கல்” என்று எழுதியிருக்கிறது (சேக்கலும் ஓர் எடை அளவு).

நினிவே இப்போது எப்படி இருக்கிறது?

ஈராக்கின் மோசூல் நகருக்குள்ளேயே இருக்கிறது. மதிலின் சுற்றளவு சுமார் 12 கிலோமீட்டர். 2014-இல் ஐ.எஸ். படையினர் யோனாவின் கல்லறை இருப்பதாக நம்பப்பட்ட மசூதியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2016-இல் மஷ்கி வாசலை இடித்தார்கள். அந்த வாசலைச் சீரமைக்கத் தோண்டியபோது, 2022-இல் சனகெரிப் காலத்துச் சலவைக்கல் பலகைகள் சில வெளிவந்தன. வில் வளைக்கும் வீரர்கள், மலைகள், திராட்சைக் கொடிகள். மண்ணுக்கு மேலே நின்ற பகுதியில் செதுக்கலே இல்லை. புதைந்திருந்த பகுதி மட்டும் நேற்றுச் செதுக்கியதுபோல இருந்தது.