வெள்ளைக்காரன் காலத்து டப்பாவா? எழுத்தைப் பாருங்கள்

கேள்வி: வேலூரில் பழைய சாமான் கடை ஒன்றில் தகரப் பல்பொடி டப்பா ஒன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். மூடியில் மயில் படம், அவ்வளவு அழகு. "வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு" என்றார் கடைக்காரர். பின்பக்கம் "எடை 100 கிராம்", 632 என்று தொடங்கும் பின்கோடு, "வட ஆற்காடு மாவட்டம்" எல்லாம் இருக்கின்றன. "விலை"யில் உள்ள லை, துதிக்கை வைத்த பழைய எழுத்து. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: டப்பா பழசுதான். ஆனால் வெள்ளைக்காரன் காலத்தது இல்லை. அதற்கான சான்றை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். கிராம் கணக்கு நம் கடைகளுக்கு வந்தது 1958க்குப் பிறகு, அதுவும் படிப்படியாக. அதற்கு முன் பலம், சேர், அவுன்ஸ்தான். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆகவே டப்பா அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது. துதிக்கை லை 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்த அரசாணையோடு விடைபெற்றது. பழைய அச்சுகளை வைத்திருந்தவர்கள் சில வருடம் அதையே ஓட்டியிருப்பார்கள் என்பதால், அதை மட்டும் நம்பி வருடம் சொல்ல முடியாது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால், எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை என்று சொல்லலாம்.

புதிதாகச் செய்து பழசாக்கிய டப்பாக்களும் விற்பனைக்கு வருகின்றன. மூடியைத் திறக்கும்போது விரல் படும் விளிம்பில் வண்ணம் தேய்ந்து, மடிப்புக்குள் துரு ஏறியிருந்தால் அது ஒரு வீட்டில் புழங்கியது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

பழைய பொருளுக்கு அதிகபட்ச சில்லறை விலை என்று ஒன்று கிடையாது. மயிலுக்காக 1,500 கொடுத்தீர்கள் என்றால் அதில் தவறே இல்லை, நானும் கொடுத்திருப்பேன். வயதைச் சொல்லி விலையை ஏற்றியிருந்தால் அது வேறு விஷயம். பில்லில் "1940" என்றோ "பிரிட்டிஷ் காலம்" என்றோ எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் கடையில் பேசிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால் நிரூபிப்பது கஷ்டம். இனி எது வாங்கினாலும் வயதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: பாட்டி வைத்திருந்த பழைய பிஸ்கட் டப்பாவில் முறுக்கு போட்டு வைக்கலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: வேண்டாம். அந்தக் காலத்து டப்பாக்களின் பற்றவைப்பிலும் வண்ணத்திலும் காரீயம் இருக்க வாய்ப்பு உண்டு. ஊசி, நூல், பட்டன் வையுங்கள்.

கேள்வி: பழைய தீப்பெட்டி லேபிள்கள் ஒட்டிய ஆல்பத்துக்கு 3,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், ஆற்காடு

பதில்: அவசரப்படாதீர்கள். தீப்பெட்டி செய்யும் குடியாத்தம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பழைய மளிகைக் கடைகளிலும் வீட்டுப் பரண்களிலும் தேடிப் பாருங்கள், பாதிக்கு மேல் சும்மாவே கிடைக்கலாம். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் "அந்த யானை மார்க் கொடுங்க" என்று கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே, உள்ளங்கைக்குள் அடங்கும் தாளில் மிருகமும் பழமும் சாமியும் பளிச்சென்று வரைந்தார்கள். அந்தத் தெளிவு இன்றைய பளபளப்பான உறைகள் பலவற்றில் இல்லை.

வயதுக்கு, பெட்டியில் அச்சிட்ட விலை ஒரு நல்ல குறி. 50 பைசா என்றால் 2007 அல்லது அதற்கு முன். அதன்பின் 1 ரூபாய். 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய். அட்டைக்குப் பதில் மரச்சீவலில் செய்த பெட்டி என்றால் இன்னும் பழசு, அதைப் பிரிக்காமல் முழுசாகவே வையுங்கள்.

ஆல்பத்தை வாங்கியே ஆகவேண்டும் என்றால், லேபிள்களைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்களா, முனையில் மட்டும் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். முழுக்க ஒட்டியிருந்தால் எடுக்கும்போது கிழியும், அதற்கு 3,000 தராதீர்கள்.