அளவீடே பொய் சொன்னால்? மின்கட்டமைப்பு குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: மின்கட்டமைப்புப் பாதுகாப்பு பற்றிய கட்டுரைகளில் ‘சைபர்-பிசிக்கல் சிஸ்டம்’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது. கணினியால் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவதற்கு வைத்த புதுப்பெயர்தானா அது?

பதில்: பெயர் 2006-ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் பணியாற்றிய ஹெலன் கில் என்பவரால் வழக்கத்துக்கு வந்தது, என்றாலும் வெறும் பெயர்மாற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. கணக்கேட்டில் தவறான பதிவு புகுந்தால் அதை அழித்து எழுதலாம். மின்கட்டமைப்பில் தவறான கட்டளை, சுழன்றுகொண்டிருக்கும் இரும்பின்மீது போய் விழுகிறது. 2007-இல் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் நடந்த ‘அரோரா’ சோதனையில், 2.25 மெகாவாட் டீசல் ஜெனரேட்டர் ஒன்றின் பிரேக்கரை (மூடினால் கட்டமைப்போடு இணைக்கும், திறந்தால் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்), அதன் சுழற்சி கட்டமைப்பின் மின்னலையோடு ஒத்திசையாத கணங்களில் மூடுமாறு செய்தார்கள். மூடும் ஒவ்வொரு முறையும் கட்டமைப்பு அந்த இயந்திரத்தைத் தன் தாளத்துக்கு வலிந்து இழுத்தது. இயந்திரம் குலுங்கி, பாகங்கள் பிய்ந்து, கடைசியில் புகை கக்கி நின்றது. ‘திற’, ‘மூடு’ என்பவை அன்றாடக் கட்டளைகள்தாம். நஞ்சு இருந்தது அவை வந்து சேர்ந்த நேரத்தில். கட்டளையையும் இயந்திரத்தையும் ஒரே கணக்குக்குள் வைத்து ஆராய்வதுதான் இத்துறையின் வேலை.

கேள்வி: துணை மின்நிலையங்களிலிருந்து வரும் அளவீடுகளை ஒருவர் வழியிலேயே மாற்றி அனுப்பினால், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களால் அதைக் கண்டுபிடிக்க இயலுமா?

பதில்: ஓரளவு இயலும்; அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்பதில்தான் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான ஆராய்ச்சியின் பெரும்பகுதி செலவாகியிருக்கிறது.

மூன்று மின்தடங்கள் சந்திக்கும் ஒரு துணை மின்நிலையத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு தடம் 300 மெகாவாட்டைக் கொண்டுவருகிறது. மற்ற இரண்டும் 180, 120 மெகாவாட்டை எடுத்துச் செல்கின்றன. யாரோ 180 என்பதை 220 ஆக்கிவிட்டால், உள்ளே வந்தது 300, வெளியே போனது 340 என்று கணக்கு உதைக்கும். கட்டுப்பாட்டு அறையின் கணினி ஓயாமல் செய்வது இந்தச் சரிபார்ப்பைத்தான். ‘நிலை மதிப்பீடு’ எனப்படும் இம்முறையை 1970-இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பிரெட் ஷ்வெப் வகுத்தளித்தார்: தேவைக்கு அதிகமான இடங்களில் அளந்து, மின்னோட்ட விதிகளுக்குப் பொருந்தாத அளவீட்டைத் தள்ளிவிடுவது. பழுதான மீட்டர்களைப் பிடிக்க உருவான வழி அது. பழுதான மீட்டருக்குச் சூழ்ச்சி தெரியாது, பகைவருக்குத் தெரியும். 220-க்கு ஈடாக அடுத்த தடத்தை 80 என்று அவர் மாற்றிவிட்டால், இந்த நிலையத்தின் கூட்டல் சரியாகவே வரும். தடங்களின் மறுமுனைகளிலும் அதற்கேற்ப எண்களைத் திருத்த வேண்டியிருக்கும் என்பது உண்மையே. ஆனால், கட்டமைப்பின் வரைபடமும் தடங்களின் மின்தடுப்பு அளவுகளும் (மின்னோட்டத்தை ஒவ்வொரு தடமும் எவ்வளவு எதிர்க்கிறது என்பது) கைவசம் இருந்து, போதுமான மீட்டர்களும் பிடிக்குள் வந்துவிட்டால், எந்தச் சரிபார்ப்பிலும் சிக்காத பொய்யைக் கோத்துவிட முடியும் என்று யாவ் லியூ, பெங் நிங், மைக்கேல் ரைட்டர் ஆகியோர் 2009-இல் நிறுவினார்கள்.

அதன் பின் வந்த மாற்று வழிகளில் என்னைக் கவர்ந்தவை இரண்டு. ஒன்று, தடங்களின் மின்தடுப்பையே அவ்வப்போது சிறிது மாற்றிக்கொண்டிருப்பது. பகைவரிடம் உள்ள வரைபடம் பழையதாகிவிடும், அவர் கோத்த பொய் பொருந்தாமல் போகும். மற்றொன்று, யிலின் மோ, புரூனோ சினோபோலி ஆகியோர் முன்வைத்தது: கட்டளையோடு யாருக்கும் தெரியாத ஒரு சிறு நடுக்கத்தைக் கலந்து அனுப்பிவிட்டு, திரும்பி வரும் அளவீட்டில் அதன் எதிரொலி இருக்கிறதா என்று பார்ப்பது. நேற்றைய பதிவை இன்று ஓட்டிக்காட்டுபவரிடம் இன்றைய எதிரொலி இருக்காது. இதை அவர்கள் எழுதியது 2009-இல். பதிவுசெய்த பழைய அளவீடுகளைக் காட்டி, கருவிகளை இயக்குபவர்களை ஏமாற்றிய ஸ்டக்ஸ்நெட் என்ற கணினித் தீநிரல் வெளிச்சத்துக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டில்!

கேள்வி: எல்லாத் தகவலையும் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

பதில்: தீராது. துணை மின்நிலையத்துக்குள் ஒரு ரிலே (கோளாறை உணர்ந்து பிரேக்கருக்குக் கட்டளையிடும் கருவி) மற்றொன்றுக்கு அனுப்பும் அவசரச் செய்தி சுமார் 3 மில்லிநொடிக்குள் போய்ச் சேர வேண்டும். கனமான மறையாக்கக் கணக்குகளைச் சிறிய ரிலேக்களால் அந்த நேரத்துக்குள் முடிக்க இயலாது. மேலும், ‘பிரேக்கரைத் திற’ என்ற செய்தியை வேறொருவர் படித்துவிடுவது பெரிய இழப்பில்லை, அதை அனுப்பியவர் உரியவர்தானா என்பதே முக்கியம். அதனால்தான் இங்கே இலகுவான அங்கீகார முத்திரைகளுக்கு முதலிடம் தருகிறார்கள்.

கேள்வி: செயல்திறனும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று துணைநிற்குமா, முரண்படுமா?

பதில்: என் கணிப்பில், முரண்பாட்டை ஆய்வுக் கட்டுரைகள் குறைத்தே பேசுகின்றன. காற்றின் வேகத்தையும் வெப்பத்தையும் அளந்து, ஒரு தடம் அந்த நேரத்தில் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு மின்சாரத்தை ஏற்றலாம். புதிய தடம் அமைக்காமலேயே கூடுதல் மின்சாரத்தைக் கொண்டுசெல்லலாம். ஆனால் முன்பு இருந்த தாராளமான இடைவெளி சுருங்குகிறது, சென்சாரை நம்பும் அளவு கூடுகிறது. தகவல் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்குத் தாக்குதல்கூடத் தேவையில்லை. 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒஹாயோ மாநிலக் கட்டுப்பாட்டு அறை ஒன்றில் அலாரம் மென்பொருள் சத்தமின்றி நின்றுவிட்டது. இயக்குநர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அதை உணரவில்லை. அதற்குள் சூடேறித் தொய்ந்த தடங்கள் மரங்களில் உரசி ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட, அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில் ஆழ்ந்தனர்.

கேள்வி: அனைத்தும் தானியங்கியாகிவிட்டால் களப்பணியாளர்கள் தேவைப்படமாட்டார்கள் அல்லவா?

பதில்: 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனின் மூன்று மின்விநியோக நிறுவனங்களுக்குள் ஊடுருவியவர்கள், இயக்குநர்களின் கண்ணெதிரிலேயே திரையில் சுட்டியை நகர்த்திப் பிரேக்கர்களைத் திறந்தார்கள், சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. தொலைவிலிருந்து திரும்ப இயக்க முடியாதபடி தகவல்தொடர்புக் கருவிகளின் உள்மென்பொருளையும் சிதைத்திருந்தார்கள். ஆயினும் சில மணி நேரத்தில் மின்சாரம் மீண்டது, ஏனெனில் பணியாளர்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் சென்று பிரேக்கர்களைக் கையால் மூடினார்கள். அவர்கள் கையால் மூடும் வசதி அந்தக் கருவிகளில் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது.