காந்த துருவம் புரண்டால் ஹெச்எஃப் செட் ஊமையாகிவிடுமா?

கேள்வி: ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமத் தேர்வில் தேறிவிட்டேன். ஹெச்எஃப் (சிற்றலை) செட் ஒன்று வாங்கி, மொட்டை மாடியில் 40 மீட்டர் பேண்டுக்கான டைபோல் கம்பி ஆண்டெனா கட்டலாம் என்று இருக்கிறேன். பூமியின் காந்த துருவங்கள் சீக்கிரம் தலைகீழாகப் புரளப் போகின்றன, அதோடு சிற்றலை செத்துப்போகும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். இவ்வளவு பணத்தைப் போடலாமா? ஆண்டெனாவை எந்தத் திசையில் கட்டுவது?
– தென்காசி மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: செட்டைத் தாராளமாக வாங்குங்கள். டைபோலை வடக்கு தெற்காகக் கட்டுங்கள். உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். ஆனால் முதல் கேள்விக்கான விடை இரண்டாவது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனசில்லை.

சிற்றலை ஊர் தாண்டிப் போவது, அதைத் தரைக்குத் திருப்பி அனுப்புகிற, தலைக்கு மேலே இருக்கும் அயனி மண்டலத்தால். சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கிச் சில நூறு கிலோமீட்டர் வரை அது பரவிக் கிடக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்றின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுப்பதால் உண்டாகும் மண்டலம் அது. அந்தக் கதிர்களும் ஒருவகை ஒளிதான். காந்தப் புலம் அவற்றைத் தடுக்காது, வளைக்காது. பூமியின் காந்தம் புரண்டாலும் தேய்ந்தாலும் காலையில் சூரியன் உதித்தால் அயனி மண்டலமும் உருவாகிவிடும். 1901 டிசம்பரில் மார்க்கோனியின் சமிக்ஞை அட்லாண்டிக்கைத் தாண்டியதும் இதன் தயவில்தான்.

அப்படியானால் காந்தத்துக்கு என்ன வேலை? உங்கள் ஊரில் அதற்கு வேலை நிறையவே உண்டு. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவ, திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். திருநெல்வேலிப் பக்கம் புவிக்காந்த ஆய்வகம் இருப்பதும் அதற்காகத்தான். இந்தக் கோட்டருகே பூமியின் காந்தக் கோடுகள் சாயாமல், தரைக்கு இணையாக வடக்கு தெற்காகப் படுத்திருக்கும்.

அயனி மண்டலத்துக்குள் நுழைகிற ரேடியோ அலை இந்தக் காந்தத்தால் இரண்டாகப் பிரிகிறது. ஒன்றைச் சாதாரண அலை என்றும் மற்றதை அசாதாரண அலை என்றும் சொல்வோம். அலையை மேலே அனுப்பி எதிரொலியைப் பதியும் அயனோசோண்டு என்ற கருவி வரையும் படத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேல் அடுக்கின் கோடு வளைந்து ஏறி, முனையில் இரண்டு தூண்டில் முள்ளாகப் பிரிந்து நிற்கும். அரை மெகாஹெர்ட்ஸ் சுமாருக்கு இடைவெளி. முதல் தடவை பார்க்கிறவர்கள் கருவியில் கோளாறோ என்று கேட்பார்கள்.

இரண்டில் சாதாரண அலைதான் அயனி மண்டலத்தின் கீழடுக்கில் குறைவாக உறிஞ்சப்படுகிறது. காந்த நடுக்கோட்டருகே நேர் மேலே போகும் சாதாரண அலையின் மின்புலம் காந்தக் கோட்டுக்கு இணையாக, அதாவது வடக்கு தெற்காக இருக்கும். கம்பியையும் அதே வாக்கில் கட்டினால் உங்கள் சக்தியில் பெரும்பங்கு அந்த நல்ல அலைக்குள் போகும். கிழக்கு மேற்காகக் கட்டினால் மற்றதற்குள் போகும். டெல்லிக்காரருக்கு இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது, அங்கே காந்தக் கோடுகள் சாய்ந்திருக்கின்றன. பகலில் 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 40 மீட்டர் பேண்டில், மதுரையோடும் திருச்சியோடும் பேச மாடி உயரத்தில் ஒரு டைபோல் போதும். அதைச் சரியான வாக்கில் கட்டினால் காசில்லாமல் கிடைக்கும் லாபம் இது.

சரி, இப்போது துருவம் புரண்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். காந்த வடக்கு தெற்காகவும் தெற்கு வடக்காகவும் மாறிவிட்டன, வலு மட்டும் பழையபடியே. உங்கள் கம்பிக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கம்பிக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. வடக்கு தெற்கு வாக்கு அப்படியேதான் இருக்கும்.

பகலில் இங்கே மேல் அடுக்கின் எலெக்ட்ரான்கள் ஊற்றுபோல் உயரே எழும்பி, காந்தக் கோடுகள் வழியாக இருபுறமும் வழிந்து, வடக்கே அகமதாபாத் வரை போய்க் குவிகின்றன. அந்த ஊற்றும் நிற்காது. அதைத் தள்ளும் மின்புலத்தை உண்டாக்குவதே காற்றும் காந்தமும் சேர்ந்துதான். காந்தம் திரும்பினால் மின்புலமும் சேர்ந்து திரும்பும், தள்ளும் திசை மேல்நோக்கியே இருக்கும். கணக்கு போட்டுப் பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போன விஷயம் இது.

ஆகவே திசை மாறுவதைப் பற்றிய கவலையே வேண்டாம். யோசிக்க வேண்டியது இடைக்காலத்தைப் பற்றி. கடைசி முழுப் புரள்வு நடந்து சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அது ஒரே ராத்திரியில் நடக்கிற காரியம் இல்லை, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இழுக்கும். அந்தக் காலத்தில் புலம் பத்தில் ஒரு பங்காகக்கூடத் தேய்ந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பல துருவங்கள் முளைக்கலாம். சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் அப்படிப் பாதி வழி போய்த் திரும்பிய ஒரு சம்பவத்தின் தடயம் பிரான்சின் லாஷாம்ப் எரிமலைப் பாறைகளில் பதிந்திருக்கிறது. இன்றைய நிலவரம் இதுதான்: 1830-களில் ஜெர்மன் கணித மேதை காஸ் (Gauss) அதை அளக்க வழி கண்டதிலிருந்து புலம் ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்திருக்கிறது. வட காந்த முனை கனடாவை விட்டு சைபீரியா பக்கம் நகர்கிறது. முனை நகர்வதையும் துருவம் புரள்வதையும் உங்கள் காணொளி ஒன்றாகக் குழப்பியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

புலம் தேய்ந்த அந்த நூற்றாண்டுகளில் வானொலி எப்படி இருக்கும்? முதலில் காதுக்கே வித்தியாசம் தெரியும். சாயங்காலம் 40 மீட்டரில் ஒரு குரல் சில விநாடிகள் ஓங்கி, அப்புறம் கிணற்றுக்குள் இறங்கியதுபோல் அமுங்கி, மறுபடி மேலே வருவதைக் கேட்பீர்கள். அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு பங்கு, மேலே சொன்ன இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது. காந்தம் தேய்ந்தால் இரண்டுக்கும் உள்ள பிரிவு சுருங்கும், அந்த வகை ஏற்ற இறக்கமும் குறையும். அதாவது இன்றைக்கு உங்கள் ஸ்பீக்கரில் பூமியின் காந்தத்தைக் காதாலேயே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான சேதி. சூரியன் சீறும்போது புரோட்டான்கள் பாய்ந்து வந்து, கீழடுக்கில் எலெக்ட்ரான்களைக் கூட்டி, ரேடியோ அலையை உறிஞ்சவைக்கும். இன்று அவற்றைக் காந்தம் துருவப் பக்கம் திருப்பிவிடுவதால், துருவத்தைத் தாண்டிப் பறக்கும் விமானங்களின் ஹெச்எஃப் தொடர்புதான் நாள்கணக்கில் அடைபடுகிறது. தென்னிந்தியா உலகிலேயே காந்தக் காப்பு மிக அதிகமாக உள்ள வட்டாரங்களில் ஒன்று. 2015 ஜூன் 22 அன்று ஒரு காந்தப் புயலின்போது அந்தக் காப்பு சுமார் இரண்டு மணி நேரம் தளர்ந்ததை ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக் கருவி பதிவுசெய்தது. புலம் பத்தில் ஒன்றாகிவிட்டால் அந்தச் சலுகை நமக்கும் இருக்காது. ஒவ்வொரு பெரிய புரோட்டான் மழையின்போதும் பகலில் 40 மீட்டர், 80 மீட்டர் பேண்டுகள் ஒன்றிரண்டு நாள் அடைபடும். அந்த ரகத்தில் வலுவானவை 11 ஆண்டுச் சூரியச் சுழற்சிக்குச் சுமார் 10 வரும். தொல்லைதான், ஆனால் மற்ற நாள்களில் பேசலாம்.

உண்மையில் அடி வாங்கப்போவது செயற்கைக்கோள்கள். சூரியக் காற்றை எதிர்த்து நிற்கும் நம் காந்தக் கூடு இன்று சூரியன் பக்கமாகப் பூமி ஆரத்தைப்போல் சுமார் 10 மடங்கு தூரத்தில் இருக்கிறது. புலம் பத்தில் ஒன்றானால் அது ஐந்து மடங்குக்கும் கீழே சுருங்கும். டிடிஎச் செயற்கைக்கோள்கள் இருப்பது 6.6 மடங்கில். பகல் பக்கம் அவை கூட்டுக்கு வெளியே, சூரியக் காற்றில் நேராக நிற்க வேண்டிவரும். ஜிபிஎஸ் 4.2 மடங்கில், விளிம்பை ஒட்டி. பண்பலையும் செல்போன் கோபுரமும் பார்வைக் கோட்டில் வேலை செய்கிறவை, அவற்றின் அலைக்கு இதனால் பாதிப்பில்லை. அப்படிப்பட்ட ஒரு காலம் வந்தால் கைகொடுக்கப்போவது உங்கள் மாடிக் கம்பிதான் என்பது என் கருத்து.

உங்கள் வாழ்நாளில் நீங்கள் பார்க்கப்போகும் துருவப் புரள்வு சூரியனுடையது. அதன் காந்த துருவங்கள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாறுகின்றன. அது நடப்பது சூரியப்புள்ளிகள் உச்சத்தில் இருக்கும்போது. 10 மீட்டர், 15 மீட்டர் பேண்டுகள் பிரமாதமாகத் திறக்கும் காலமும் அதுவே. கடந்த உச்சம் 2024-இல். இனி மெல்ல இறங்குமுகம், அதனால் உயர் பேண்டுகளில் தூர தேசம் பிடிக்க ஆசை இருந்தால் தாமதிக்காதீர்கள்.

கடைசியாகக் கம்பி கட்டும்போது ஒரு எச்சரிக்கை. மாடியில் நின்று செல்போன் திசைகாட்டியை நம்ப வேண்டாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியும் தண்ணீர்த் தொட்டி ஏணியும் முள்ளை இழுக்கும். நேராக ஒரு கம்பை நட்டு, நடுப்பகலில் நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது என்று பாருங்கள். உங்கள் ஊரில் அது 12.20-ஐ ஒட்டி, முன்பின் கால் மணி நேரத்துக்குள் வரும். அந்த நிழல் விழும் கோடுதான் வடக்கு தெற்கு. காந்த வடக்குக்கும் அதற்கும் வித்தியாசம் இரண்டு டிகிரிக்கு மேல் போகாது. சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் உச்சியில் வருவதால் நிழலே சரியாக விழாது, அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.