93.5-இல் சூரியனா, ரெட்டா? பாலக்காட்டுக் கணவாயில் அலைவரிசை வரைபடம்: கேள்வி பதில்

ஊரைச் சுற்றி எந்த அலைவரிசையில் யார் இருக்கிறார்கள் என்பதை அரசு வெளியிடும் பட்டியல்களை வைத்து வரைபடமாக்குவது எப்படி? பொள்ளாச்சி, பாலக்காடு எல்லை நண்பர்கள் கேட்டவற்றுக்கு, பொள்ளாச்சியில் ஹாம் ரேடியோ (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலி) வைத்திருக்கும் என் பதில்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: அண்ணா, அமெரிக்காவில் இருக்கும் என் மாமா பையன் அவன் ஊர் தீயணைப்பு, பள்ளி பஸ் அலைவரிசையை எல்லாம் மேப்பில் போட்டு வைத்திருக்கிறான். எல்லாம் அரசு தளத்தில் எடுத்ததாம். நமக்கும் அப்படி உண்டா?

அவன் சொல்வது உண்மைதான். அங்கே எஃப்.சி.சி. என்ற அரசுத் தகவல்தொடர்பு ஆணையத்தின் யூ.எல்.எஸ். என்ற உரிமத் தரவுத்தளத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். உரிமம் யார் பெயரில், எந்த அலைவரிசை, கோபுரம் எங்கே, ஆன்டெனா எவ்வளவு உயரம் என்று வரிசையாகக் கிடைக்கும். நம் நாட்டில் உரிமம் தருவது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. அவர்கள் வெளியிடும் தேசிய அலைவரிசை ஒதுக்கீட்டுத் திட்டம், எந்த அலைவரிசைப் பட்டை எந்தச் சேவைக்கு என்பதோடு நின்றுவிடும். எந்த மில்லுக்கு, எந்த எஸ்டேட்டுக்கு எந்த எண் என்பது அதில் இருக்காது.

ஆனால் ஒலிபரப்புப் பக்கம் கதவு திறந்தே இருக்கிறது. ஆகாசவாணி, தனியார் எஃப்.எம்., சமுதாய வானொலி மூன்றுக்கும் பட்டியல் உண்டு. அங்கிருந்து தொடங்குங்கள். எல்லையில் இருப்பவனுக்கு அதுவே தலைக்கு மேல் வேலை.

ஆனைமலையிலிருந்து: பட்டியலைப் பார்த்துப் பொள்ளாச்சியில் ஒரு புள்ளி வைத்தேன் சார். அது வால்பாறைக் காட்டுக்குள் போய் நிற்கிறது. பட்டியல் தப்பா?

பட்டியல் சரிதான், நீங்கள் நிமிடத்தைத் தசமமாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். பொள்ளாச்சி ஏறக்குறைய 10 பாகை 39 நிமிடம் வடக்கு. அதை 10.39 என்று தட்டினால் போச்சு. 39-ஐ 60-ஆல் வகுத்தால் 0.65, ஆக 10.65 என்று போட வேண்டும். வித்தியாசம் 0.26 பாகை. ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர் என்பதால் புள்ளி 29 கிலோமீட்டர் தெற்கே சரிந்து மலையில் ஏறிவிடும். தீர்க்கரேகை 77 பாகை 01 நிமிடம்தான், அதை 77.01 என்று தட்டினாலும் அந்தப் பக்கம் பிசகு கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் குழப்பம்.

வேலந்தாவளத்திலிருந்து: 93.5-இல் சூரியன் எஃப்.எம். கேட்டுக்கொண்டே பாலக்காடு பக்கம் போனால், ஓர் இடத்தில் மலையாளம் வருகிறது. ஒரே எண்ணை இரண்டு பேருக்கு எப்படிக் கொடுத்தார்கள்?

கோவையில் 93.5 சூரியன், கொச்சியில் அதே 93.5 ரெட் எஃப்.எம். நடுவில் தூரம் இருக்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலையும் இருக்கிறது. அதனால் ஒரே எண்ணைத் திரும்பத் தரலாம். வேறெங்காவது என்றால் யாருக்கும் தெரிந்திருக்காது. நம் கணவாயோ 30 கிலோமீட்டர் போல அகலமாகத் திறந்து கிடக்கிறது.

மீடியம் வேவ் மாதிரி எஃப்.எம்.மில் இரண்டும் கலந்து இரையாது. வலுவானது மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய சமமாக வரும் இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தமிழ், கொஞ்சம் நகர்ந்தால் மலையாளம், மறுபடியும் தமிழ். இந்த அலையின் நீளம் சுமார் 3.2 மீட்டர். கட்டடம், பாறை எதிலாவது பட்டுத் திரும்பும் அலை நேராக வருவதோடு மோதும்போது, அதற்குள்ளாகவே வலு ஏறி இறங்கும். அதனால் வரைபடத்தில் இதைக் கோடாகப் போடாதீர்கள், பட்டையாக நிழலிடுங்கள். எனக்கு இந்தப் பொழுதுபோக்கிலேயே பிடித்த வேலை இந்தப் பட்டையைத் தேடுவதுதான். வீட்டில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

வால்பாறையிலிருந்து: கோவை நிலையங்களைச் சுற்றி வட்டம் போட்டால் நாங்கள் உள்ளே வருகிறோம். ஆனால் ரேடியோவில் ஒன்றும் வரவில்லை.

வட்டம் சமவெளிக்குத்தான் சரி. கணக்கு எளிது: கோபுர உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அடிவானம், அதாவது அலை நேராக எட்டும் தூரம், கிலோமீட்டரில் வரும். 100 மீட்டர் கோபுரத்துக்கு 41. உங்கள் ஆன்டெனா 9 மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னும் 12. மொத்தம் 53. கொடைக்கானல் 100.5 இத்தனை மாவட்டங்களில் கேட்கிறதே, அதற்கும் காரணம் இதுதான். மலையே 2,100 மீட்டர் போல உயரம் என்பதால் அடிவானம் 190 கிலோமீட்டரை நெருங்குகிறது.

உங்களுக்கும் கோவைக்கும் நடுவில் மலை விளிம்பு குறுக்கே நிற்கிறது. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறீர்கள், அலைக்கு அந்த ரோடு இல்லை. கூகுள் எர்த்தில் கோபுரத்திலிருந்து வீடு வரை கோடு இழுத்து, உயரக் குறுக்குவெட்டைப் பாருங்கள். விளிம்பு கோட்டை வெட்டினால் அந்த ஊரை வட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: எல்லைச் செக்போஸ்ட் போலீஸ் வாக்கி டாக்கியை ஸ்கேனரில் (அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் ரேடியோவில்) பிடித்து மேப்பில் போடலாமா?

வேண்டாம் தம்பி. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவில், செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. விமான நிலைய அலைவரிசைகள் ஏ.ஐ.பி. என்ற பொது ஆவணத்தில் அச்சாகியே வருகின்றன. அச்சில் இருப்பது வேறு, கேட்க அனுமதி வேறு. பேசவும் கேட்கவும் ஆசை இருந்தால் ஹாம் தேர்வு எழுதி உரிமம் வாங்குங்கள், 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை நமக்கென்றே இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறைத் தம்பி மறுபடியும்: மாமா பையன் பட்டியலில் இருக்கிற அலைவரிசையில் அவனுக்கே சத்தம் வரவில்லையாம், கரகரவென்று இரைச்சல்தான்.

உரிமத்தில் அலை எந்த வகை என்பதற்கு ஒரு குறி இருக்கும், அதன் கடைசி மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். எஃப்3ஈ என்றால் சாதாரண அனலாக் பேச்சு. எஃப்1ஈ, எஃப்எக்ஸ்ஈ என்றால் டிஜிட்டல், அதற்கு வேறு ஸ்கேனர் வேண்டும். மறையாக்கம் செய்திருந்தால் எந்த ஸ்கேனரும் உதவாது.

பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் ஆசிரியர்: கோவை 999, திருச்சூர் 630 மீடியம் வேவையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம் சார், பகலில் கேட்டதை மட்டும். பொழுது சாய்ந்தால் வானத்தில் பட்டுத் திரும்பி எங்கெங்கோ இருப்பதெல்லாம் உள்ளே வரும். அதனால் ஒவ்வொரு பதிவிலும் நேரத்தையும் என்ன ஆன்டெனா என்பதையும் எழுதி வையுங்கள். பட்டியலில் இருப்பதற்கு ஒரு நிறம், காதால் கேட்டதற்கு வேறு நிறம்.